ஹாத்தர்லி வாசலில் மணவறை

சற்குணம் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் பார்ப்பது கதவைத்தான். கோயிலுக்குப் போனால்கூட, சுவாமியைக் கும்பிட்டு நிமிர்கிறபோது கண் தானாகவே வாசல் நிலைக்கும் பிணைச்சலுக்கும் போய்விடும். யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்குப் போய், அங்கே ஷட்டர் செய்யும் தொழிற்சாலையில் வேலை பழகி, பிறகு லண்டனுக்கு வந்து அப்டன் பார்க்கில் சொந்தக் கடை போட்டவர் அவர். கிரீன் ஸ்ட்ரீட்டில் பொழுதுபட்டதும் கடகடவென்று இறங்கும் ஷட்டர்களில் பாதி அவர் பூட்டியவை என்று மனைவி சிவனேஸ்வரி பெருமை பேசுவாள். "பாதி இல்லை, கால்வாசி" என்று அவர் திருத்துவார். பொய்ப் பெருமை கடவுளுக்குப் பிடிக்காது என்பது அவருடைய நம்பிக்கை.

ஆனால் அவரும் ஒரு பொய் சொல்லியிருந்தார்.

மகள் லோஜினிக்கு மறுநாள் காலை கல்யாணம். மாப்பிள்ளை அஷ்வின், திருச்சியிலிருந்து வந்து லண்டனில் டாக்டராக இருக்கும் ஜம்புநாதனின் மகன். மாப்பிள்ளைக்குக் கோட்டை என்றால் உயிர். லோஜினிக்கு மாப்பிள்ளை என்றால் உயிர். அதனால் ஹோட்டலும் வேண்டாம், மண்டபமும் வேண்டாம் என்று இருவரும் சேர்ந்து ஹாத்தர்லி கோட்டை வாசலைப் பிடித்துவிட்டார்கள். கோட்டை என்று சொல்ல இப்போது அங்கே ஒன்றும் இல்லை. மதில்களைப் பெயர்த்து அக்கம்பக்கத்தார் எந்தக் காலத்திலோ வீடு கட்டிவிட்டார்கள். இரண்டு பருத்த வட்டக் கோபுரங்களும், அவற்றுக்கு நடுவே குகைபோல நீண்டு செல்லும் வாசல் வழியும், அந்த வழிக்கு மேலே ஒரு பெரிய மண்டபமும்தான் மிச்சம். அந்த மேல் மண்டபத்தில்தான் மணவறை.

மேலே போக ஒரே ஒரு சுழல்படிக்கட்டு. "அப்பா, உங்களுக்கு ஏலுமோ?" என்று மகள் முதலிலேயே கேட்டாள். போன மாரியில் சற்குணத்துக்குப் பக்கவாதம் வந்து, கடவுள் புண்ணியத்தில் பேச்சும் நினைவும் முழுதாகத் திரும்பிவிட்டன. வலது காலும் வலது கையும் மட்டும் முக்கால்வாசிதான் வந்தன. "படி என்ன படி? ஏறுவன்" என்றார் அவர். ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கும் வீட்டில் தினமும் படி ஏறத்தானே செய்கிறோம் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சோடனை செய்கிறவர்கள் வாகனத்திலிருந்து சாமான் இறக்கிக்கொண்டிருந்தபோது, ஒருவரும் காணாமல் ஏறிப் பார்க்கலாம் என்று அவர் படிக்கட்டுக்குள் நுழைந்தார். நாலைந்து படிதான் போயிருப்பார். கால் நின்றுவிட்டது. நடுத்தூணைச் சுற்றிப் படிகள் வலப்பக்கமாகத் திரும்பித் திரும்பி ஏறின. ஒவ்வொரு படியும் இடப்பக்கம் அகலம், வலப்பக்கம் விரல் அகலம். அவருடைய பழுதான கால் வைக்க வேண்டிய இடம் அந்த விரல் அகலம். பிடித்துக்கொள்ளக் கயிறு ஒன்று தொங்கியது. அதுவும் தூணோடு, வலப்பக்கம்.

கீழே இறங்கி வந்து சுவரில் சாய்ந்து நின்றபோது எதிரே ஒரு பெண். அந்த இடத்தின் பொறுப்பாளர் மாதங்கி. சொந்த ஊர் கரூர். கட்டடக்கலை படித்துவிட்டுப் பழைய கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு அறக்கட்டளையில் வேலை செய்கிறவள்.

"அங்கிள், வேர்த்திருக்கே. உக்காருங்க."

"ஒண்டுமில்லை பிள்ளை. இந்தப் படியை ஆர் கட்டினது? சதிகாரன்."

மாதங்கி சிரித்துவிட்டாள். "வலது கையில வாள் பிடிச்சுக்கிட்டு ஏறி வர்றவனுக்கு இடைஞ்சலா இருக்கணும்னுதான் இப்படித் திருப்பிக் கட்டினாங்கன்னு எல்லாரும் சொல்வாங்க. ஆராய்ச்சி பண்றவங்க சில பேர் அதெல்லாம் கதைன்னு சொல்றாங்க. எனக்குத் தெரியல."

"கதை இல்லை. நான் சாட்சி" என்றார் சற்குணம். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை, நான் இதிலை நிண்டதை ஒருத்தருக்கும் சொல்லாதையும். சம்பந்தி வீட்டாருக்கு முன்னாலை நாளைக்கு மகளைத் தாரை வார்த்துக் குடுக்க வேணும். அவளின்ர கையை நான்தான் பிடிச்சுக் குடுக்க வேணும். ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை அதுக்காண்டித்தான் சிவபெருமானிட்டை உயிரைக் கேட்டனான்."

"நானாப் போய்ச் சொல்ல மாட்டேன் அங்கிள். ஆனா யாராவது கேட்டா மறைக்கவும் மாட்டேன்" என்றாள் மாதங்கி. அவருடைய முகம் வாடியதைப் பார்த்து, "வாங்க, வாசலைப் பாருங்க. உங்க தொழில் ஷட்டர்னு லோஜினி சொன்னா. உங்களுக்குப் பிடிக்கும்" என்று கூட்டிக்கொண்டு போனாள்.

பிடித்தது. பிடித்தது என்றால் அப்படிப் பிடித்தது. வாசல் வழியின் இரு சுவரிலும் மேலிருந்து கீழ்வரை கதவு ஏறி இறங்கக் கல்லில் வெட்டிய காடி. அதற்குள் மேலே தூக்கி நிறுத்தியிருந்தது, கனத்த மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்கும் பிணைத்து அடியில் இரும்புப் பல் வைத்த கதவு. சற்குணம் இடது கை விரலைக் காடிக்குள் விட்டுத் தடவிப் பார்த்தார். கண்ணில் பழைய வெளிச்சம் வந்துவிட்டது.

"இது எங்கட ஷட்டரெல்லோ!"

"அதேதான். எவ்வளவு தடிமனா மதில் கட்டினாலும் வாசல்னு ஒண்ணு விட்டுத்தானே ஆகணும்? எதிரிக்கும் அது தெரியும், நேரா அங்கதான் வருவான். அதனால ரெண்டு பக்கமும் கோபுரம் எழுப்பி, முன்னால பள்ளம் வெட்டி, அதுக்கு மேல தூக்குப்பாலம் போட்டாங்க. இந்த மாதிரிக் கதவு இங்க ஒண்ணு, அந்தக் கடைசில ஒண்ணு. ஆளை உள்ள விட்டு ரெண்டையும் இறக்கிட்டா நடுவுல மாட்டிக்குவான். சுவர்ல பாருங்க, அந்தப் பிளவு வழியா அம்பு. இப்படிச் சேர்த்துச் சேர்த்து, கோட்டையிலேயே பலவீனமா இருந்த இடம் பலமான இடமாயிடுச்சு. அப்புறம் பிரபுவே இதுக்கு மேல மண்டபம் கட்டிக் குடி வந்துட்டார்."

"மோட்டர் இல்லை. கயித்தை வெட்டினாப் போதும், தன்ர பாரத்திலை தானா விழும்" என்று சற்குணம் அண்ணாந்து பார்த்தபடி முணுமுணுத்தார். "என்ர ஷட்டர் கரண்ட் போனா அரைவாசியிலை நிக்கும் பிள்ளை. இவங்கள் கெட்டிக்காரர்."

அப்போது பூ வண்டி வந்துவிட்டதென்று யாரோ கூப்பிட, மாதங்கி வெளியே ஓடினாள். அவர் தனியே நின்று இரும்புப் பற்களை எண்ணிக்கொண்டிருந்தார். படிக்கட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"யாராவது இருக்கீங்களா?"

சம்பந்தி அம்மா ராஜியின் குரல். சற்குணத்துக்கு அந்த அம்மாவிடம் கொஞ்சம் பயம். பட்டுச்சேலையில் ஒரு மடிப்புக் கலையாது. பேச்சில் ஒரு சொல் கூடாது. நிச்சயதார்த்தத்தன்று காப்பி ஆறிப்போனதற்கு ராஜி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் குடிக்கவும் இல்லை. சிவனேஸ்வரி அதை இன்னும் மறக்கவில்லை.

"நான் சற்குணம். என்ன வேணும் அம்மா?"

"ஓ, சம்பந்தியா? ஒண்ணுமில்ல. சும்மா காத்தாட நிக்கிறேன்."

அந்தப் படிக்கட்டில் காற்று வர ஒரு துவாரம்கூட இல்லை.

"அப்ப சரி, நான் போறன்."

"போயிடாதீங்க!"

குரல் உடைந்திருந்தது. "மண்டபத்தைப் பாக்கலாம்னு ஏறிட்டேன் சம்பந்தி. இறங்கப் பாத்தா தலை சுத்துது. பாதி வழில நிக்கிறேன், மேலயும் போக முடியல, கீழயும் வர முடியல. ரெண்டு நாளா இந்தப் படியை நெனச்சு அகிலாண்டேஸ்வரியை வேண்டிக்கிட்டிருக்கேன், வெளில சொல்ல வெக்கம். நீங்க கொஞ்சம் மேல வந்து ஒரு கை குடுங்களேன்."

சற்குணம் படிக்கட்டு வாசலில் நின்றார். யாரையாவது கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். கையில் போன் இருந்தது. பேசுகிற மாதிரி நடந்துவிடலாம். ஆனால் மேலே ஒரு மனுஷி நடுங்கிக்கொண்டு நிற்கிறாள். அவளைத் தனியே விட்டுப் போவதற்கு ஒரு பொய். இங்கே நிற்பதற்கு ஒரு உண்மை. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம். சிவ சிவா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

"அம்மா, எனக்கு ஏறேலாது."

"என்ன?"

"கால் ஏலாது. கையும் ஏலாது. இப்ப கொஞ்சம் முந்தி ஆரும் காணாமல் ஏறிப் பாத்தனான். நீங்கள் பாதி வழிக்காவது போயிருக்கிறியள். நான் அதுவும் இல்லை."

மேலே வளையல்கள் கல்லில் உரசின.

"அப்ப நாளைக்குக் கன்னிகாதானம்?"

"அதுதான் எனக்கும் தெரியேல்லை. முதலிலை நீங்கள் இறங்குங்கோ. நான் சொல்லுறதைக் கேளுங்கோ. அந்தப் படியிலையே குந்தி இருங்கோ. இருந்து, சின்னப் பிள்ளையள் மாதிரி, அடுத்த படிக்கு அரக்கி வாங்கோ. விழ மாட்டியள்."

"பட்டுச்சேலை சம்பந்தி!"

"சேலையைத் தோய்க்கலாம்."

"நீங்க பாப்பீங்களே!"

"நான் மற்றப் பக்கம் திரும்பி நிக்கிறன். கதைச்சுக்கொண்டே நிக்கிறன், அந்தக் குரலைப் பிடிச்சுக்கொண்டு வாங்கோ."

அப்படியே திரும்பி நின்று, வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னார். ஷட்டர் வியாபாரம், ஜெர்மனியில் பனிக்குள் சைக்கிள் ஓட்டி விழுந்தது, லோஜினி சிறுபிள்ளையாய் இருந்தபோது கடை ஷட்டருக்குள் கிரிக்கெட் பந்தை அடித்துச் சிக்கவைத்தது. பின்னால் பட்டு சரசரத்தது. நடுவில் ஒருமுறை "ஐயோ" என்றது. பிறகு, அவர் எதிர்பாராத ஒன்று, சிரிப்புச் சத்தம். திரும்பிப் பார்த்தபோது ராஜி கடைசிப் படியில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். மூக்கு நுனியில் சுண்ணாம்புத் தூசி.

"அந்தப் பந்து கெடச்சுதா?" என்று கேட்டார்.

"அரைவாசி கிடைச்சுது."

இருவரும் சிரித்த சிரிப்பில் வெளியே நின்றவர்கள் எல்லாம் உள்ளே வந்துவிட்டார்கள். சிவனேஸ்வரி, லோஜினி, அவளுடைய மச்சான் ரதீசன், பூக்கூடையோடு மாதங்கி. இனி மறைக்க ஒன்றும் இல்லை. சற்குணமே சொன்னார். லோஜினி அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனப்பா சொல்லேல்லை? இந்த இடம் வேண்டாம் எண்டு விட்டிருப்பனே" என்று கண் கலங்கினாள்.

"அதாலைதான் சொல்லேல்லை."

ரதீசன் முன்னுக்கு வந்தான். "இதொரு பிரச்சினையே? மாமா கதிரையிலை இருக்கட்டும். நாங்கள் நாலு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு போறம்."

சிவனேஸ்வரி பாய்ந்துவிட்டாள். "வாயைக் கழுவு! மங்களமான நாளிலை மனுசனை நாலு பேர் தூக்கிறதோ? மூளை இருக்கோ உனக்கு?"

அந்த நினைப்பு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்துவிட்டது. ரதீசன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "அந்த வளைவிலை கதிரையும் திரும்பாது" என்று சற்குணம் மெதுவாகச் சொன்னார். "என்ர ஒண்டுவிட்ட தம்பி கலியாணத்துக்கு வாறான்தானே. லோஜினிக்கு அவன் சித்தப்பா முறை. அவன் தாரை வார்க்கட்டும். நான் கீழை இருந்து கும்பிடுறன்."

சொல்லும்போது அவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

ராஜி எழுந்து நின்று சேலைத் தூசியைத் தட்டினார். தட்டியதில் தூசி இன்னும் பரவியது. அதை அவர் கவனிக்கவில்லை. வாசல் வழியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"கல்யாணத்தை இங்க வெச்சா என்ன?"

"எங்கை?"

"இங்கதான். இந்த வாசல்ல. தலைக்கு மேல கல்லு இருக்கு, மழை வராது. நான் ஒண்ணும் நாளைக்கு அந்தப் படி ஏறப் போறதில்ல, சொல்லிட்டேன். மாப்பிள்ளையோட அம்மாவும் இல்லாம, பொண்ணோட அப்பாவும் இல்லாம மேல என்ன கல்யாணம்?"

எல்லோரும் மாதங்கியைப் பார்த்தார்கள். அவள் யோசித்தாள். "ஒரு சிக்கல் இருக்கு ஆன்ட்டி. இது பொது வழி. கடைத்தெருவுலேர்ந்து பஸ் நிறுத்தத்துக்கு ஜனங்க இதுக்குள்ளதான் போவாங்க. சட்டப்படி மூட முடியாது."

"யாரும்மா மூடச் சொன்னா? ஒரு பக்கம் நாம இருப்போம், ஒரு பக்கம் அவங்க போகட்டும்."

"கண்ட ஆக்களும் சப்பாத்துக் காலோடை மணவறைக்குப் பக்கத்தாலை போறதோ?" என்று சிவனேஸ்வரி தயங்கினாள்.

"போறவங்க நல்லா இருக்கணும்னு நெனச்சுக்கிட்டே போனா சரிதானே சம்பந்தி? கல்யாணத்துல ஊர் கூடணும்பாங்க. இங்க ஊர் தானா வருது." ராஜி சிவனேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையில் சுண்ணாம்பு ஒட்டியது. ஆறிய காப்பி அந்த இடத்திலேயே மன்னிக்கப்பட்டது என்று சற்குணம் கண்டுகொண்டார்.

மாதங்கி அறக்கட்டளைக்குப் போன் போட்டாள். நடக்கிறவர்களுக்குத் தாராளமாக வழி விட்டால் சரி என்றார்கள். மேலே மரக்கூரை என்பதால் ஓமம் வளர்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கீழே முழுவதும் கல், தண்ணீர் வாளிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் வளர்க்கலாம் என்றார்கள். இதைக் கேட்டதும் குருக்கள் போனிலேயே ஆசீர்வாதம் பண்ணிவிட்டார்.

சனிக்கிழமை காலை ஹாத்தர்லி வாசலில் நிறைகுடம் வைத்தார்கள். தூக்குப்பாலம் இருந்த இடத்தில் வாழை கட்டினார்கள். காவலர்கள் அம்பு விட்ட சுவரோரமாக மணவறை. எதிர்ப்பக்கம் நடைவழி, அதன் ஓரமாக ராஜி தன் கையால் ஒரு நீளக் கோலம் இழுத்திருந்தார். பெரியவர்களுக்குப் பின்புறப் புல்வெளியில் கதிரைகள். கால் உள்ள இளசுகளெல்லாம் மேல் மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். ஏனென்றால் வாசல் வழியின் கூரையில் துளைகள் இருந்தன. அவற்றின் வழியே நேரே மணவறையைப் பார்க்கலாம்.

"இது என்ன ஓட்டை?" என்று குருக்கள் அண்ணாந்து கேட்டார்.

"உள்ள மாட்டிக்கிட்ட எதிரி தலைல கல்லைப் போடறதுக்கு" என்றாள் மாதங்கி. "கதவுக்கு எவனாவது தீ வெச்சா மேலேர்ந்து தண்ணி ஊத்தி அணைக்கவும் இதுதான்."

"அப்ப ஓமப் புகை போறதுக்கும் நல்லது" என்றார் குருக்கள்.

போனது. மேலே முப்பது பேர் ஒரே குரலில் இருமினார்கள். "ஐயா, எங்களையும் சேர்த்து வேள்வியிலை போடுறியளோ?" என்று ரதீசனின் குரல் துளை வழியே வந்தது. கீழே சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

ஊரும் வந்தது. நாயோடு வந்த ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். நாய்க்கும் சேர்த்துச் சிவனேஸ்வரி சந்தனம் வைத்தாள். சைக்கிளில் வந்தவன் இறங்கி, கோலத்தை மிதிக்காமல் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனான். சாமான் வண்டி இழுத்துக்கொண்டு வந்த ஒரு சீன அம்மா, பெண்ணைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்று, பையிலிருந்து இரண்டு ஆரஞ்சுப்பழம் எடுத்துத் தட்டத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

கன்னிகாதானத்துக்குக் குருக்கள் எழும்பச் சொன்னார்.

சற்குணம் ஊன்றுகோலை வைத்துவிட்டு எழுந்தார். இரண்டு கையும் வேண்டும். லோஜினியின் கையைத் தன் வலது கையால் எடுத்து அஷ்வினின் கையில் வைத்தார். பக்கத்தில் சிவனேஸ்வரி செம்பைச் சரித்தாள். மந்திரம் நீண்டது. தண்ணீர் விரல்களுக்கு நடுவே ஓடியது. அவருடைய வலது முழங்கால் நடுங்கத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம், அப்பனே, இன்னும் கொஞ்சம் என்று வேண்டினார். சிவனேஸ்வரி கையில் செம்பு. மகள் கை அவருடைய கையில். மற்றவர்கள் எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். கால் மடங்கப் போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அந்த நேரம் பின்னாலிருந்து ஒரு கை வந்து முழங்கைக்கு அடியில் நின்றது. இன்னொரு கை இடுப்புப் பட்டியைப் பிடித்தது. வேலை பழகிய கை, எங்கே பிடிக்க வேண்டும் என்று தெரிந்த கை. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பாரம் முழுவதையும் அந்தக் கையில் விட்டுவிட்டு, மகளின் கையை மட்டும் பிடித்துக்கொண்டார். மந்திரம் முடிந்தது. கை மாறியது. மேளம் கொட்டியது. மேலே இருந்த துளைகள் எல்லாவற்றிலிருந்தும் பூ கொட்டியது. பூவோடு ஒரு பூக்கூடையும் விழுந்தது. "சாரி, சாரி!" என்று ரதீசன் கத்தினான்.

கதிரையில் இருந்த பிறகுதான் சற்குணம் பார்த்தார். நீலச் சீருடையில் ஒரு கறுப்பினப் பெண். ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து பஸ்ஸுக்குப் போகிற வழி. பெயர் அபிகெயில், கானா நாட்டுக்காரி.

"மன்னிக்க வேணும், சடங்குக்குள்ள வந்துட்டேன்" என்றாள் அவள் ஆங்கிலத்தில். "உங்க முழங்காலைப் பார்த்தேன். அவ்வளவுதான்."

சற்குணம் கையெடுத்துக் கும்பிட்டார். அவளும் அதேபோல் கும்பிட்டாள். ராஜி இடையில் வந்து, அவள் தோளிலிருந்த பையை வாங்கி வைத்துக்கொண்டார். இனி அவள் சாப்பிடாமல் போக முடியாது.

பஸ் போய்விட்டது. அடுத்ததும் போயிருக்கும். புல்வெளிப் பந்தலில் முதல் பந்தியில், பெண்ணின் அப்பாவுக்கும் மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் நடுவில் அபிகெயிலுக்கு இலை போட்டார்கள். அவள் ஒவ்வொன்றையும் தொட்டுப் பெயர் கேட்டாள். சற்குணம் யாழ்ப்பாணப் பெயர் சொல்ல, ராஜி திருச்சிப் பெயர் சொல்ல, இரண்டில் எது சரி என்று இருவரும் சண்டை பிடித்தார்கள். தூக்கம் நிறைந்த கண்ணோடு அவள் இருவரையும் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள்.

"உங்க மகளா?" என்று பந்தலுக்கு அப்பால் பூ உதிர நின்ற லோஜினியைக் காட்டிக் கேட்டாள்.

"ஓம்" என்றார் சற்குணம். "என்ர மகள். இப்பதான் குடுத்தனான்."

பிறகு பாயாச வாளியோடு போன ரதீசனைக் கூப்பிட்டு, "தம்பி, இந்தப் பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் விடு" என்றார்.